அம்பில்லாமல் ஒரு தடவை

2005 பிப்ரவரி 4, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தரையோடு ஒட்டிய மூடுபனி. காற்று இல்லை. பிக்கப்பின் டாஷ்போர்டில் நான் ஒட்டி வைத்திருந்த வெப்பமானி பதின்மூன்று டிகிரி காட்டியது. ஷார்ஜாவின் தைத் ஊருக்கு அப்பால், எங்கள் முதலாளியின் தோட்டத்தில், செத்துக் கிடந்த ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. இரண்டுக்குத் தொண்டை இல்லை. நான்கின் வயிறு திறந்து கிடந்தது. ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் ஒன்பது என்றேன். தோட்டத்துக் காவல்காரர் கத்தியோடு வந்து என் எண்ணிக்கையைச் சரியாக்கினார்.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. கட்டட வேலைகளுக்கு வேண்டிய, சுமை தூக்கும் செயின் பிளாக், சுமை இழுக்கும் வின்ச், கம்பிக்கயிறு ஆகியவற்றைப் பழுதுபார்த்து, சுமை ஏற்றிச் சோதித்து, சான்றிதழ் கொடுப்பது பட்டறையின் தொழில். சோதனைப் பிரிவு என் பொறுப்பு. அன்றைக்கு நான் தோட்டத்துக்குப் போனது, கிணற்று மோட்டாரைத் தூக்கும் செயின் பிளாக்கைப் பார்க்க. என்னோடு எங்கள் ரிக்கரும் வந்திருந்தான். சுமைக்குக் கட்டுப் போட்டுத் தூக்கிவிடுகிறவனை ரிக்கர் என்போம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், முப்பத்துநான்கு வயது, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மற்ற இருவர் சேர்ந்து தூக்கும் இரும்பை அவன் தனியாகத் தூக்கித் தோளில் வைப்பான். அதுதான் வினையாயிற்று.

முதலாளியை எல்லோரும் அர்பாப் என்போம். அறுபதைக் கடந்தவர். இரண்டு வருடம் முன்பு அவருடைய வலத்தோளில் அறுவை நடந்திருந்தது. ஆடுகளைக் கொன்றது, யாரோ வளர்த்துப் பாலையில் விட்டுப்போன நாய்களின் கூட்டம். துப்பாக்கி வெடித்தால் அவை ஒரு வாரம் வராமலிருந்து பிறகு இன்னும் பெரிய கூட்டமாக வருகின்றன என்று அர்பாப் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே சத்தமில்லாத ஒன்றை வாங்கி வந்திருந்தார். துப்பாக்கிக்கு இருப்பதுபோல் கட்டையும் விசையும். முன்முனையில் குறுக்காக ஒரு வில். வேட்டைக்குறுக்குவில். அதை எய்ய அவருக்குத் தோள் போதும். நாணை இழுத்துக் கொண்டியில் மாட்டத்தான் போதாது.

நாணின் இழுவிசை நூற்று எழுபத்தைந்து பவுண்டு, ஏறக்குறைய எண்பது கிலோ. வில்லின் முனையில் ஒரு வளையம் இருக்கும். வளையத்தைத் தரையில் வைத்துக் காலால் மிதித்து, குனிந்து, இரண்டு கையாலும் நாணைப் பிடித்து, கொண்டியில் 'டக்' என்று விழும்வரை இடுப்பால் இழுக்க வேண்டும். எண்பது கிலோ மூட்டையை முழங்காலுக்குக் கீழேயிருந்து விரல்களால் மட்டும் தூக்குவதுபோல. விடுமுறை நாளான வெள்ளிதோறும் என் வண்டியில் தோட்டத்துக்கு வந்து ரிக்கர்தான் அதைச் செய்வான்; தொடக்கத்தில் விளையாட்டாகத்தான் செய்தான்.

அன்று காலை நாய்கள் இன்னும் வேலிக்கு வெளியேதான் இருந்தன. பனிக்குள் அவற்றின் முதுகு தெரிந்தது. அர்பாப் எய்த முதல் அம்பு மணலில் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஒரு செவலை நாயின் பின்தொடையில் புகுந்து மறுபக்கம் ஒரு சாண் வெளியே வந்தது. நாய் கத்தவில்லை. உட்கார்ந்து, திரும்பி, தன் தொடையையே கடிக்கத் தொடங்கியது. அம்பைக் கடிப்பதாக நினைத்துத் தசையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அர்பாபுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். யல்லா, யல்லா, சீக்கிரம் என்று ரிக்கரின் தோளில் தட்டிக்கொண்டே இருந்தார். அவன் இழுத்தான், அவர் எய்தார், தவறியது. மறுபடி இழுத்தான். ஏழாவது அம்பில்தான் அந்த நாய் அடங்கியது.

நான் இழுப்புகளை எண்ணினேன். பதினொன்று. ஒன்பதாவது இழுப்பில் அவன் நாணைக் கொண்டியில் மாட்டிவிட்டு, கையை மூன்று விநாடி வலது அடிவயிற்றில் அழுத்திக்கொண்டான். பத்தாவதில் ஐந்து விநாடி.

கடைசி அம்பை அர்பாப் நாய் மேல் எய்யவில்லை. திரும்பி வந்து, கொட்டகை ஓரம் கிடந்த மணல் மூட்டையில் எய்துவிட்டு வில்லை உறையில் வைத்தார். போகும் ஒவ்வொரு வெள்ளியும் அதைப் பார்த்தேன். மனிதருக்கு ஒரு அம்பாவது குறி தப்பாமல் போகட்டும் என்ற ஆசை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன், ஏன் என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, சட்டையைத் தூக்கச் சொன்னேன். அவன் மறுத்தான். நான் வண்டியை எடுக்கவில்லை. நான்கு நிமிடம் கழித்துத் தூக்கினான். தொடை இடுக்குக்கு மேலே கோழிமுட்டை அளவில் ஒரு புடைப்பு. குடலிறக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வரும், ஏழு மாதமாக இருக்கிறது என்றான். ஜூனில் லீவு. ஊருக்குப் போய் அறுத்துக்கொண்டு வந்துவிடுவான். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது. குடல் இறங்கிய ரிக்கரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும், விசாவைக் கேன்சல் அடித்து விமானம் ஏற்றிவிடுவார்கள்.

“அர்பாப்கிட்ட முடியாதுன்னு சொல்லு தம்பி” என்றேன்.

“சொன்னா ஏன்னு கேப்பாருண்ணே. நீங்க எண்ணாம இருங்க. பாதி வலி கொறஞ்சிரும்.”

ஜூன் முதல் வாரம்வரை பதினேழு வெள்ளிக்கிழமை இருந்தது. வெள்ளிக்குப் பதினோரு இழுப்பு என்றால் நூற்று எண்பத்தேழு இழுப்பு. குடல் வெளியே வந்து வயிற்றுத் தசையின் இடுக்கில் இறுகிக்கொண்டால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒரு லாரி டிரைவர் அப்படித்தான் போனார். அன்று இரவு முழுக்க நூற்று எண்பத்தேழு என்ற எண் என்னைத் தூங்கவிடவில்லை.

அலுவலகத்தில் குறுக்குவில்லின் கையேடு இருந்தது. நாணை இழுப்பது பற்றிய பகுதி ஏழாம் பக்கம் முதல் பத்தாம் பக்கம் வரை. அந்த நான்கு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டேன். வேண்டாத பக்கத்துக்குத் தாளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. படித்தபோது முதலில் வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு வருடம் கப்பியும் கயிறுமாக வாழ்ந்தவன், எண்பது கிலோவை ஒருவன் வெறுங்கையால் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வழி எளிது. ஒரு கயிறு. அதில் ஓடும் இரண்டு சின்னக் கப்பிகள், கப்பிக்கு ஒரு கொக்கி. கயிற்றின் நடுப்பகுதி கட்டையின் பின்புறப் பள்ளத்தில் பதியும், கொக்கிகள் கட்டையின் இருபக்கமும் நாணைப் பிடிக்கும், கயிற்றின் இரு முனையிலும் கைப்பிடி. இழுக்கும் தூரம் இரட்டிப்பாகும், பாரம் பாதியாகும். எண்பது நாற்பதாகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. வெறுங்கையால் இழுத்தால் வலக்கை கொஞ்சம் முந்தும், நாண் கோணலாக மாட்டும், அம்பு ஒருபக்கம் விலகும். கயிறு இரண்டு பக்கத்தையும் சமமாக இழுக்கும். குறி தப்பாவிட்டால் இழுப்பின் எண்ணிக்கையும் குறையும். கயிற்றை அவன் உயரத்துக்கு அளந்து முடிச்சிட்டேன். முதுகை வளைக்காமல், முழங்கையை விலாவோடு ஒட்டி, முழங்காலை மடக்கி எழுந்தால் போதும். நாண் உரசி ஓடும் கட்டையின் மேற்பரப்பில் மெழுகும் தேய்த்தேன்.

பதினொன்றாம் தேதி வெள்ளி, ஆறே இழுப்பு. மூன்று நாய்கள். அர்பாப் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரிக்கர் அடிவயிற்றைத் தொடவேயில்லை. எனக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம்.

பதினெட்டாம் தேதி எல்லாம் கெட்டது. அன்று நாய்கள் எங்களுக்கு முன்பே உள்ளே வந்திருந்தன. ஆட்டுக்கொட்டகையின் கம்பிவலையைப் பிய்த்துக்கொண்டு பதினான்கு நாய்கள். காவல்காரர் மண்வெட்டியோடு உள்ளே நின்று இடமும் வலமும் வீசிக்கொண்டிருந்தார். அவருடைய கால்சட்டை முழங்காலில் கிழிந்து ரத்தம் செருப்புக்குள் இறங்கியிருந்தது. ஓர் ஆடு தன் குடலைத் தானே மிதித்து மிதித்து ஓடிக்கொண்டிருந்தது. அர்பாப் வாசலில் ஒரு காலை ஊன்றி எய்தார். ரிக்கர் கயிற்றை மாட்டினான், இழுத்தான், கொடுத்தான். மாட்டினான், இழுத்தான், கொடுத்தான். ஓர் அம்பு நாயைத் துளைத்து அதன் பின்னாலிருந்த ஆட்டையும் துளைத்தது. இரண்டும் ஒன்றாகத் தைக்கப்பட்டு, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. மண்வெட்டி ஒரு நாயின் மண்டையில் இறங்கியபோது கேட்ட சத்தம், தேங்காய் உடைக்கும் சத்தம்தான். அதற்குப் பிறகு கோயிலில் தேங்காய் உடைத்தால் நான் வெளியே போய் நிற்கிறேன்.

இருபத்துமூன்று இழுப்பு. நாற்பது கிலோவானாலும் இருபத்துமூன்று இழுப்பு. முடிந்ததும் ரிக்கர் நடந்து பிக்கப்புக்குப் போனான். ஓடவில்லை, நடந்தான். பின்தட்டில் மல்லாந்து படுத்து, காலை மடக்கி, இரண்டு கையாலும் வயிற்றை உள்ளே தள்ளினான். புடைப்பு இப்போது கைமுட்டி அளவு, நிறம் மாறியிருந்தது. உதட்டைக் கடித்ததில் தாடையில் ரத்தம். பதினொரு நிமிடம் ஆயிற்று உள்ளே போக. அர்பாப் எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டார். வெயில், தலைசுற்றல் என்று நான் இந்தியில் பொய் சொன்னேன். மணி எட்டுகூட ஆகவில்லை, வெயிலும் இல்லை. அவர் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

இனிப் பாதி போதாது, பாரமே இருக்கக் கூடாது என்று முடிவுசெய்தேன். பட்டறையில் படகு ஏற்றும் சின்னக் கைவின்ச் ஒன்று கிடந்தது. பல்சக்கரம், உருளை, கைப்பிடி. திருப்பிய இடத்திலேயே பூட்டிக்கொள்ளும் வகை. அதைக் கழற்றி எடை குறைத்து, அர்பாபிடம் கேட்டு வாங்கி வந்த வில்லின் கட்டையில் பின்புறம் பட்டையால் இறுக்கி, நைலான் வாரில் இரண்டு கொக்கி மாட்டினேன். ஐந்து நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் அதற்கே போயிற்று. எண்பது கிலோ, கைப்பிடியில் எட்டுக் கிலோவாக வந்தது. ஒரு கையால், நின்றுகொண்டே, வயிற்றுக்கு வேலையே இல்லாமல் திருப்பலாம். ஏன், அர்பாபே திருப்பிக்கொள்ளலாம். அதுதான் என் திட்டம். அவர் கையாலேயே இழுத்துக்கொண்டால் ரிக்கரை இனி யாரும் வெள்ளிக்கிழமை கூப்பிட மாட்டார்கள்.

பிப்ரவரி 24, வியாழன், மாலை நாலு இருபது. மறுநாள் தோட்டம். பட்டறையில் பதினான்கு பேர் இருந்தோம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பழுதுபார்த்த எதையும் முதலில் சுமை இல்லாமல் ஓட்ட வேண்டும். செயின் பிளாக்கானாலும் வின்ச்சானாலும், வெறுமனே மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் கொக்கியில் எடை. சுமையில்லாமல் ஓடாதது சுமையோடு கொல்லும். இந்த வாக்கியத்தை நானே தாளில் எழுதிச் சோதனை மேடைக்கு மேலே ஒட்டியிருந்தேன். குறுக்குவில்லைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதும் அதுதான். வில்லுக்கு எது சுமை? அம்பு. தவிர, பதினான்கு பேர் நிற்கும் பட்டறையில் அம்பு எய்வதா? அம்புகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். எல்லோரையும் தரையிலிருந்த மஞ்சள் பாதுகாப்புக் கோட்டுக்கு அப்பால் போகச் சொன்னேன். பாதுகாப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று மனதுக்குள் விரல்விட்டு எண்ணிக்கூடப் பார்த்தேன்.

ரிக்கர் கைப்பிடியைத் திருப்பினான். இருபத்தெட்டுச் சுற்று. நாண் கொண்டியில் விழுந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“கெணத்துல வாளி எறைக்கிற மாதிரி இருக்குண்ணே. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல.”

கொக்கிகளைக் கழற்றினேன். விசையை நானே அழுத்துகிறேன் என்றேன்.

“இத்தன நாள் இழுத்தவன் நாந்தாண்ணே. குடுங்க.” வாங்கித் தோளில் சாத்திக்கொண்டான். பிறகு கொஞ்சம் தயங்கினான். “அம்பு போடாமயாண்ணே விடுறது?”

“சுமை இல்லாம ஒரு தடவை. அப்புறம்தான் மத்ததெல்லாம். விடு.”

அவன் விட்டான்.

சத்தம் வெல்டிங் சிலிண்டர் வெடித்ததுபோல இருந்தது. எண்பது கிலோ விசை, தள்ள அம்பு இல்லாமல், தன்னையே அடித்துக்கொண்டது. வில்லின் இடது கை நடுவில் பிளந்து இரண்டாகப் பறந்தது. ஒரு துண்டு கூரையின் குழல்விளக்கை உடைத்தது. இன்னொன்று என் காதுக்கு ஒரு முழம் தள்ளி, பின்னாலிருந்த பிளைவுட் பலகையில் குத்தி நின்றது. நான் எழுதி ஒட்டிய தாள் அந்தப் பலகையில்தான் இருந்தது. கண்ணாடித் தூள் எங்கள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. எதுவும் ஆகவில்லை என்று ஒரு விநாடி நினைத்தேன். அப்புறம்தான் அவனுடைய இடது கையைப் பார்த்தேன்.

கட்டையைத் தாங்கிய கையின் பெருவிரல், நாண் ஓடும் வழியில் மேலே ஏறி நின்றிருக்கிறது. நாண் அறுந்தே போயிருந்தது. ஆனால் அறுவதற்கு முன் விரலைத் தாண்டிப் போயிருந்தது. நகமும் மேல்கணுவும் இல்லை. அடிக்கணுவின் எலும்பு, சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக, ஒரு விநாடி சுத்தமாகத் தெரிந்தது. பிறகு ரத்தம் பீறிட்டு என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. அவன் கத்தவில்லை. தன் கையை, யாரோ ஒருவருடையதைப்போல, திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த அதிர்ச்சியில் வயிறும் இறங்கிவிட்டது. கையைவிட அதற்குத்தான் அலறினான்.

விரல்துண்டு கிரைண்டருக்கு அடியில், ஏழடி தூரத்தில் கிடந்தது. நான்தான் தேடி எடுத்தேன். தண்ணீர் கேனிலிருந்த ஐஸில் போட்டு எடுத்துப்போனேன். நசுங்கிப் போயிருக்கிறது, ஒட்டாது என்று மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தையல் போடும் அறைக்குப் போகும் முன் அவன் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்தான். வயிற்றைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினான். விரல் டூட்டியில் போனது, அதற்குக் கம்பெனி எங்காவது உட்காருகிற வேலை தரும். குடலையும் சொன்னால் கேன்சல்தான். சொல்ல மாட்டேன் என்று சத்தியம்போலத் தலையாட்டினேன். அவனை உள்ளே கொண்டுபோனார்கள். நான் நடைபாதையில் நின்று தரை ஓடுகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு எண்ணியதும், டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அழுத்திப் பார்த்தார். குடல் இந்த முறை உள்ளே போகவில்லை. விடியும்வரை விட்டிருந்தால் அறுத்துத் தூக்கிப்போடும்படி ஆகியிருக்கும் என்றார். அன்றிரவே அறுவை.

அர்பாப் இரவோடு இரவாக வந்தார். உடைந்த வில்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்பில்லாமல் விட்டீர்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எய்ய நாய் ஒன்றும் இல்லாவிட்டாலும் மணல் மூட்டையில் ஓர் அம்பை எய்துதானே நாணை இறக்குவேன், வாரா வாரம் பார்த்துக்கொண்டுதானே நின்றாய் என்றார். கலாஸ், முடிந்தது என்று கையை உதறிவிட்டு ரிக்கரைப் பார்க்கப் போனார். மறுநாள் கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றாம் பக்கம், சிவப்புக் கட்டத்துக்குள், முதல் வரி: அம்பு இல்லாமல் ஒருபோதும் விசையை அழுத்தாதீர்கள். நான் நகல் எடுத்தது பத்தாம் பக்கம் வரை.

ரிக்கர் என்னோடு பேசவில்லை. எட்டு நாள் நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்தான், பேசவில்லை. அலுவலகம் அவன் பயந்தபடியே செய்தது. ஒன்பதாம் நாள், ஊருக்கு அனுப்பக் கேன்சல் தாள் வந்திருக்கிறது என்று சொல்லப் போனேன். தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

“இனிமே எண்ணும்போது எனக்கு ஒம்பதரைன்னு போட்டுக்கங்கண்ணே” என்றான்.

விரலுக்கான செலவைக் கம்பெனி கட்டியது. குடலிறக்கம் பழைய நோய், டூட்டியில் வந்ததல்ல என்று அதற்குக் கட்ட மறுத்தார்கள். வெள்ளிக்கிழமை இழுப்புகளின் எண்ணிக்கையைத் தேதிவாரியாகத் தாளில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். தோட்டம் டூட்டி அல்ல என்றார்கள். குடலுக்கான அறுவையையும் பதினோரு நாள் படுக்கையையும் நானே கட்டினேன். ரசீது இன்னும் இருக்கிறது: ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது திர்ஹாம்.